நடுகல் பக்கம்

வால்டிவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
நூலகத்தின் கீழ்த்தளம், கொதிகலன் அறைக்கு அடுத்த அறை:
நான் ஒருத்தி, இரண்டு சர்வர்,
ஒழுகும் மூலைக்கு ஒரு நீல வாளி.
எழுபத்தோராயிரம் கோப்புகள்.
ஆய்வேடுகள், ஆற்று வரைபடங்கள்,
பெரிய நிலநடுக்கத்துக்கு மறுவாரம்
யாரோ எடுத்த நிழற்படங்கள்.

மென்பொருள் இலவசம்.
"அப்புறம் உனக்கெதற்குச் சம்பளம்?"
என்கிறார் நிதி அலுவலர் ரெட்டமால், பாதி விளையாட்டாக.
தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
நான் தினமும் பார்க்கிறேன்.
தேய்த்தும் விடுகிறேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிரந்தர முகவரி.
நிரந்தரம் என்றால்,
வெள்ளி இரவுகளில் யாராவது விழித்திருப்பது.
சரிபார்ப்பு எண்கள் ஓடி முடிந்து
கடைசி வரி பச்சையாகும்வரை
மாத்தே ஆறிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்டில் ஒத்திலியா நாகில் வந்தார்.
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் கடை,
உப்பில் வெடித்த விரல்கள்.
செல்பேசியை என் மேசைமேல் வைத்தார்.
எங்கள் படம்.
கரையில் வரிசையாய்க் கிடத்தப்பட்டவர்கள்.
மூன்றாவது ஆளுக்கு
ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ்.

"அப்பா" என்றார்.
"எனக்கு அப்போது நாலு வயது."

விளக்கக் குறிப்பைத் திறந்தேன்.
*உடல்கள், அடையாளம் தெரியாதவை, 4.*
நான் எழுதிய தலைப்பில்லை அது.
ஆனால் ஏற்றியவள் நான்தான்,
ஒரே இரவில் ஆயிரத்து இருநூறு,
ஒன்றையும் பார்க்காமல்.

எடுத்துவிடலாம்.
எடுத்தாலும் முகவரி போகாது.
அங்கே ஒரு பக்கம் நின்றுகொண்டிருக்கும்;
நடுகல் பக்கம் என்போம் எங்கள் தொழிலில்.
கல்லில் ஒரே வாசகம், நிரலுக்குள்ளேயே செதுக்கியது,
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்:
*இப்பதிவு திரும்பப் பெறப்பட்டது.*

ஒத்திலியா எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"திரும்பப் பெற்றதா?
இரவல் கொடுத்த சட்டியா அவர்?"

எங்களுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளப்
பத்து நிமிடம் போதும்.
அடுத்த பதிப்பு வந்து அதை அழித்துவிடும்.
அதனால் ஊற்றுக்கே போனேன்:
அந்த வாக்கியத்தைப் பெயர்த்தெடுத்து
அவரவர் எழுதிக்கொள்ள ஓர் இடம் விட்டு
திருத்தத்தை அனுப்பினேன்.

ரீகாவிலிருந்து குந்தா பதில் எழுதினார்.
அவருக்கும் இதற்கென்று யாரும் காசு கொடுப்பதில்லை.
நாற்பதாம் வரியில் இரண்டு இடைவெளி அதிகம்.
சோதனை நிரல் எங்கே?
கடைசியாக ஒன்று:
*காரணம் எழுதாமல் விட்டால்
பக்கம் என்ன காட்டும்?*

மூன்று வாரம் அந்தக் கேள்வியோடு இருந்தேன்.
பிறகு சந்தைக்குப் போனேன்.
கடல்சிங்கங்கள் படித்துறையில் கொட்டாவி விட்டன.
செதில் உரசிக்கொண்டே கேட்டார், உரசிக்கொண்டே சொன்னார்:
"ஒன்றும் காட்டாதே.
எல்லாவற்றுக்கும் ஆளுக்காளா பதில் சொல்ல முடியும்?"

அப்படியே எழுதினேன். காலியென்றால் காலி, தேதி மட்டும்.

ஒன்பது மாதம்.
நடுவில் இரண்டு தடவை முரண்பட்டு,
ஒரு தடவை நானே மறந்துபோய்,
ஒரு செவ்வாய்க்கிழமை சேர்ந்துவிட்டது.
அக்ராவில் ஒருவர் மொழிபெயர்த்தார்.
ஹனோயில் ஒருவர்
எழுத்து ரொம்பச் சிறியது என்று புகார் வைத்தார்.
நியாயமான புகார்.

எங்கள் சர்வரில் புதுப்பதிப்பு ஏறிய அன்று
ஒத்திலியாவை அழைத்தேன்.
காலியாக விடச் சொல்வார் என்றிருந்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
"எழுது. செகுந்தோ நாகில்.
படகு சொந்தம். கடன் இல்லை."

எழுதினேன்.
படம் இருந்த வரைக்கும் வராத பெயர்
படம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது.
அந்த வரிசையில்
முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும்
இன்னும் பெயரில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:
"அந்த இன்னொரு பூட்ஸ் வீட்டில் இருக்கிறது."

அதைப் பதிய
இந்த அமைப்பில் புலம் கிடையாது.
வாளியை ஊற்றிவிட்டு வந்து
குந்தாவுக்கு எழுத உட்கார்ந்தேன்.